கடல் கடந்து போனதேன்?



சில ஆண்டுகளுக்கு முன்னர், பீஜித் தீவிலிருந்து அம்மையார் ஒருவர் குடியாத்தத்துக்கு வந்திருந்தார். அவருடைய பாட்டனாரின் தந்தை எங்கள் தாலுக்காவிலிருந்து கப்பலேறியவர். நான் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்று யாரோ சொல்ல, என் வீடு தேடி வந்தார். அவர் கையில் பழைய குடிபெயர்வுச் சீட்டு ஒன்றின் நகல் இருந்தது. ஒப்பந்தக் கூலியாகச் சென்ற ஒவ்வொருவருக்கும் கப்பலேறுமுன் அத்தகைய சீட்டு ஒன்று எழுதப்படுவது வழக்கம். பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, உயரம், உடலிலுள்ள அடையாளம், ஜில்லா, தாலுக்கா, கிராமம் என்று அதில் பல பத்திகள் உண்டு. அம்மையார் அதை என் மேசைமீது விரித்து வைத்து, ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். "என் முன்னோரின் முழங்காலில் தழும்பு இருந்தது என்பதுகூட இதில் எழுதியிருக்கிறது. அவர் ஏன் ஊரைவிட்டுப் போனார் என்பது மட்டும் எழுதப்படவில்லையே?"

அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அந்தக் கேள்விக்குச் சற்று நிதானமாக விடை காணும் முயற்சியே இன்றைய என் பேச்சு.

சட்டவிரோதக் குடியேற்றம் என்னும் தொடரை நாம் நாள்தோறும் செய்தித்தாள்களில் காண்கிறோம். எத்தனை பேர் எல்லை கடந்தனர், எத்தனை பேர் பிடிபட்டனர், எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டனர் என்றெல்லாம் படிக்கிறோம். இவை யாவும் போய்ச் சேர்ந்த நாட்டின் வாசலில் நின்று எடுத்த கணக்குகள். புறப்பட்ட ஊரில், புறப்பட்ட வீட்டில் என்ன நடந்தது என்பதை அவை கூறுவதில்லை. அதை அறிய வேண்டுமானால், ஆட்களை அனுப்பிய ஓர் ஊரின் வரலாற்றையே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. எங்கள் குடியாத்தமே போதும்.

குடியாத்தம் அந்நாளைய வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. இந்நாளில் வேலூர் மாவட்டத்தில் உள்ளது. இந்த ஜில்லா கடல் கடந்தோர் வரலாற்றில் சிறு இடம் பெற்றதன்று. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டுக்கு 1860 முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர். பீஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை ஏறக்குறைய 60,000 பேர் சென்றனர். அவர்களுள் 1903-க்குப் பின் தென்னாட்டிலிருந்து சென்றவர் ஏறத்தாழ 15,000 பேர். இத்தென்னாட்டவருள் வட ஆர்க்காடு ஜில்லாவினரே மிகுதி. கடலோரத்தில் இல்லாத ஒரு ஜில்லா, கடல் கடந்தோர் பட்டியலில் முன்னிற்பது வியப்பன்றோ? இதற்குக் காரணம் என்ன?

முதற் காரணம் மழையும் நிலமும். பாலாற்றில் வெள்ளம் வரும் நாட்கள் ஆண்டில் சிலவே. மற்ற நாட்களில் அது மணலாறு. ஏரிகளும் கிணறுகளுமே வேளாண்மைக்கு ஆதாரம். மழை பொய்த்தால் ஏரி வறளும். ஏரி வறண்டால் விதைப்பு இல்லை. விதைப்பு இல்லையேல் கூலியும் இல்லை. நிலவரியோ பணமாகக் கட்டவேண்டியது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் இந்த ஏற்பாடு முழுவதும் சரிந்தது. அந்தப் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று எங்கள் ஊர்ப் பெரியோர் கூறுவர். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் 1877-இல் விதித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோவுக்கும் குறைவு. நாள் முழுதும் மண் சுமப்பவனுக்கு அது போதாது என்று சென்னைச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் வாதாடினார். இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். மாளாதவர் பலர் நடந்தே தெற்கே சென்று இலங்கைத் தோட்டங்களை அடைந்தனர்.

ஆனால், பஞ்சம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால், பஞ்சம் நீங்கியதும் பயணமும் நின்றிருக்க வேண்டும். அது நிற்கவில்லை. ஆகவே, நல்ல மழை பெய்த ஆண்டிலும் மனிதனை ஊரைவிட்டுத் துரத்திய ஒன்று இருந்திருக்க வேண்டும். அதுதான் கடன்.

நிலமில்லாத உழைப்பாளி படியாளாக வேலை செய்தான். திருமணத்துக்கோ, நோய்க்கோ, ஈமக்கடனுக்கோ ஆண்டையிடம் முன்பணம் வாங்குவான். அதை அடைக்கும் வரையில் வேறிடம் போகலாகாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அவனுக்குக் கிடைத்ததோ படிக்கணக்கில் அளக்கப்பட்ட தானியக் கூலி. அதில் மிச்சம் பிடித்துக் கடனை அடைப்பது எப்படி? தந்தையின் கடன் மகன் தலையில் ஏறியது. 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்குச் சட்ட ஆதரவை நீக்கியது. கணக்குப் புத்தகத்தையும் சாதிக் கொடுமையையும் அது நீக்கவில்லை. அத்தகையவனுக்குக் கப்பல் என்பது பயணமாகத் தோன்றவில்லை, விடுதலையாகவே தோன்றியது.

நெசவாளியின் நிலை இதனின் வேறுபட்டதன்று. குடியாத்தம் கைலி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். தறி நெசவாளியின் வீட்டில் இருந்தாலும், நூலும் முன்பணமும் முதலாளியுடையவை. நூல் விலை ஏறினாலும் தறி நிற்கும். துணி விலை இறங்கினாலும் தறி நிற்கும். தறி நின்ற வீட்டில் அடுப்பும் நிற்கும்.

இவ்வாறு ஊர் தள்ளியது, தூரதேசம் இழுத்தது. பீஜியில் ஓர் ஆண்மகன் ஒரு நாளுக்குரிய வேலையை முடித்தால் ஒரு ஷில்லிங் கூலி என்று ஒப்பந்தம் கூறியது. அக்காலத்து நாணயக் கணக்கில் ஒரு ஷில்லிங் என்பது பன்னிரண்டு அணா. ஊரில் கிடைத்ததோ சில அணாக்களே. கேட்டவன் மயங்காமல் என் செய்வான்? குறித்த வேலையை முடிக்காவிட்டால் கூலி இல்லை என்பதையும், அங்கே பொருள்களின் விலை அதிகம் என்பதையும், ஐந்தாண்டுகளுக்கு விலக முடியாது என்பதையும் ஆள்கட்டிகள் விரித்துரைக்கவில்லை. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை போடப்பட்ட இரும்புப் பாதை பின்னர் குடியாத்தம் வழியாக ஜோலார்பேட்டைக்கு நீண்டது. காலையில் சந்தையில் பேச்சுக் கொடுத்த ஆள்கட்டி, அன்றிரவே தன் ஆட்களைச் சென்னையில் கொண்டுபோய்ச் சேர்க்க அது வழி செய்தது.

இலங்கைப் பயணத்திலும் கடனே முன்னின்றது. கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தான். வழிச்செலவும் அரிசியும் போர்வையும் தொழிலாளியின் கணக்கில் எழுதப்பட்டன. தோட்டம் மாறவேண்டுமானால், அவன் பட்ட கடனைக் காட்டும் துண்டு என்னும் சீட்டு வேண்டும்; புதிய தோட்டம் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டாலன்றி அவனால் நகர இயலாது. 1921-இல்தான் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆக, ஊரில் பட்ட கடனிலிருந்து தப்ப எண்ணியவன், கடல் கடக்கும் முன்னரே மற்றொரு கடனில் விழுந்தான்.

மாணவர்களே, இதுவரை நான் கூறிய பயணங்கள் யாவும் சட்டப்படி நடந்தவை என்பதைக் கவனியுங்கள். பின், சட்டவிரோதம் எங்கிருந்து வந்தது?

நேட்டால் நாட்டையே பாருங்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று 1860-இல் கதவைத் திறந்தது அந்நாடு. வணிகராகவும் சுதந்திர மனிதராகவும் இந்தியர் வரத் தொடங்கியதும், 1897-இல் குடியேற்றத் தடைச் சட்டம் இயற்றி, ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரிந்தால்தான் உள்ளே வரலாம் என்று விதித்தது. ஒப்பந்தக் கூலிக்கு மட்டும் அந்தத் தடை இல்லை! கட்டுண்டவனாக வந்தால் சட்டப்படி வந்தவன். கட்டின்றி வந்தால் சட்டத்தை மீறியவன். மனிதன் ஒருவனே, அவன் ஊரும் ஒன்றே. அவனைப் பிரித்தது நேட்டாலின் தேவை.

இனி நம் பக்கத்துச் சட்டத்துக்கு வருவோம். ஒப்பந்தக் கூலி முறையின் கொடுமைகளை எதிர்த்துக் கோகலே, காந்தியடிகள், மாளவியா முதலிய தலைவர்கள் போராடியதன் பயனாக, 1917-இல் கூலிக் கப்பல்கள் நின்றன. 1922-இல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. 1938-இல் மலேயாவுக்கு உதவி பெற்றுச் செல்லும் கூலிப் பயணத்தை இந்திய அரசாங்கம் தடுத்தது. 1939-இல் இலங்கைக்குத் தேர்ச்சியில்லாத் தொழிலாளர் செல்வதையும் தடுத்தது. அங்கிருந்த நம்மவரின் நலத்தைக் காக்கவே இந்தத் தடைகள் வந்தன; அவற்றின் நோக்கத்தை நான் குறை கூறவில்லை. இலங்கை விடுதலை பெற்றபின், 1948-இல் அந்நாடு தன் குடிவரவுச் சட்டத்தையும் குடியுரிமைச் சட்டத்தையும் இயற்றிற்று. கடவுச்சீட்டும் அனுமதியும் இன்றி நுழைவது அதன்பின் குற்றமாயிற்று.

இந்தச் சட்டங்களால் பாலாற்றில் நீர் பெருகிற்றா? தறிக்காரரின் கடன் தீர்ந்ததா? இல்லை. பயணத்தின் காரணங்கள் அப்படியே இருக்க, வழி மட்டும் அடைபட்டது. அடைபட்ட வழியைச் சுற்றிக்கொண்டு போகவே கள்ளத்தோணி பிறந்தது.

இதற்கு என் குடும்பத்திலேயே ஒரு சான்று உண்டு. என் பாட்டனாரின் தகப்பனார், ஒரு பஞ்ச காலத்தில் தறியை மூடிவிட்டு, மண்டபம் முகாம் வழியாக, இரயிலிலும் கப்பலிலும், பட்டப்பகலில், பலர் அறிய இலங்கை சென்று மூன்றாண்டுகள் உழைத்துத் திரும்பியவர். அவரை யாரும் குற்றவாளி என்று கூறவில்லை. அவருடைய இளைய மகன், அதாவது என் சின்னப் பாட்டனார், 1952-இல் அதே இலங்கைக்குப் புறப்பட்டார். அந்த ஆண்டு சென்னை இராஜ்யமெங்கும் கைத்தறித் துணி விலைபோகாமல் தேங்கிக் கிடந்தது. என் பாட்டியாரின் காதுக் கம்மலையும் வீட்டிலிருந்த பித்தளை அண்டாவையும் அடகு வைத்து, அந்தப் பணத்தைத் தோணிக்காரனிடம் கொடுத்து, வேதாரணியக் கரையிலிருந்து இரவோடிரவாகக் கடல் கடந்தார். மறுகரையில் இறங்கிய சில நாட்களிலேயே பிடிபட்டார். சிறையிலிருந்துவிட்டு, தலைமன்னார் வழியாகத் தனுஷ்கோடிக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

"போனவன் திரும்பிவிட்டான், போன பணம் திரும்பவில்லை" என்று என் பாட்டியார் சொல்லுவார். அந்த அடகை மீட்க அவர் எட்டு ஆண்டுகள் தறி மிதித்தார். தந்தை செய்த பயணமும் மகன் செய்த பயணமும் ஒன்றுதான். புறப்படச் செய்த காரணமும் ஒன்றுதான். இடையில் மாறியது சட்டம் மட்டுமே.

என் சின்னப் பாட்டனார் தனியாளல்லர். இத்தகைய தோணிகளைத் தடுக்கவே இலங்கைத் தரைப்படை அதே 1952-இல் காவல் நடவடிக்கை தொடங்கிற்று. 1963-இல் அதற்கெனத் தனிப் படைப்பிரிவும் அமைத்தது. இதில் மிக்க வருத்தத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. கள்ளத்தோணி என்னும் சொல், தோணியில் வந்த சிலரோடு நில்லாமல், நூறாண்டுக்கு மேலாகத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் அனைவர் மீதும் வசையாக வீசப்பட்டது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டபோது, 9,75,000 பேர் எந்நாட்டுக் குடிமக்களும் அல்லர் என்ற நிலையில் இருந்தனர். அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974-இல் ஒப்பினர். சட்டப்படி அழைத்து வரப்பட்டவரின் பேரப்பிள்ளைகள், தாம் பிறந்த மண்ணிலேயே அந்நியராயினர்.

இஃது ஏதோ நமக்கு மட்டும் நேர்ந்த விதி என்று எண்ணற்க. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1942-இல் தம் பண்ணைகளுக்கு ஆள் போதாமல், மெக்சிகோ நாட்டோடு பிராசெரோ என்னும் ஏற்பாட்டைச் செய்துகொண்டன. 1964 வரை நாற்பத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. அந்த ஆண்டில் ஏற்பாடு முடிவுற்றது. மெக்சிகோவின் சிற்றூர்களில் வறுமையும் முடியவில்லை. கலிபோர்னியாத் தோட்டங்களில் வேலையும் முடியவில்லை. ஆகவே, முன்னர்ச் சீட்டோடு சென்றவர்களும் அவர்தம் மக்களும் பின்னர்ச் சீட்டின்றிச் சென்றனர். நம் மண்டபம் முகாமின் கதையே அங்கும் நடந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வறியோர்தாம் வெளிநாடு செல்கின்றனர் என்பது பாதி உண்மையே. ஒப்பந்தக் காலத்தில் கப்பற்செலவைத் தோட்டக்காரரே ஏற்றமையால், கையில் காசில்லாதவனும் போக முடிந்தது. வழி சட்டவிரோதமானபின் செலவு பயணியின் தலையில் விழுந்தது. அடகு வைக்க ஒரு கம்மலாவது, நம்பிக் கடன் கொடுக்க ஓர் உறவினராவது உள்ளவனே புறப்படுகிறான். முற்றிலும் வறியவன் ஊரிலேயே கிடக்கிறான். ஆதலின், இன்று வெளிநாட்டில் மறைந்து வாழ்பவன் பெரும்பாலும் கடனாளி. வெறுங்கையோடு ஊர் திரும்பினால் அடகு மூழ்கிவிடும் என்ற அச்சமே, எத்தனை துன்பம் வந்தாலும் அவனை அங்கேயே நிறுத்தி வைக்கிறது.

1970-களில் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகளுக்குப் பயணம் பெருகிற்று. அங்கே சட்டப்படி சென்றவரும் சட்டவிரோதியாவது எளிதாக இருந்தது. எந்த முதலாளியின் பெயரில் விசா பெற்றாரோ, அவரைவிட்டு விலகினால் தங்கும் உரிமையே போய்விடும் நிலை இருந்தது. சம்பளம் தராத முதலாளியிடமிருந்து தப்பியவர், அந்தக் கணமே சட்டத்துக்குப் புறம்பானவரானார். இத்தகையோர் தண்டனையின்றி ஊர் திரும்ப, ஐக்கிய அரபு நாடுகள் 1996, 2007, 2018 முதலிய ஆண்டுகளில் பொதுமன்னிப்பு அளித்தன. 2022-இல், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ்நாட்டு இளைஞர் சிலர், எல்லை தாண்டி மியான்மருக்குள் கொண்டு செல்லப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டு மீண்டதையும் நாம் அறிவோம். அவர்கள் எழுத்தறியாதவர் அல்லர், படித்தவர்கள். படிப்புக்கேற்ற வேலை உள்ளூரில் கிடைக்காமையே அவர்களை அந்த ஆள்கட்டியின் பேச்சுக்குச் செவிசாய்க்கச் செய்தது. ஆள்கட்டியின் உடை மாறியிருக்கிறது, சொல் மாறவில்லை.

அப்படியாயின், நாடுகள் தம் எல்லையைக் காப்பது தவறா என்று நீங்கள் கேட்கலாம். தவறன்று. எந்த நாட்டுக்கும் அந்த உரிமை உண்டு. நம் நாட்டிலும் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், பதிவு பெற்ற முகவர் வாயிலாகவே ஆள் சேர்க்கவேண்டும் என்று விதித்தது. பல ஏமாற்றுகளை அது தடுத்திருக்கிறது. ஆனால், காவல் என்பது வாசலில் நிற்பது. காரணம் என்பது வீட்டுக்குள் இருப்பது. வாசற்காவலை எத்தனை பெருக்கினாலும் வீட்டுக்குள் இருக்கும் காரணம் தீராது.

அதைத் தீர்க்க இயலுமா? இயலும் என்பதற்கும் எங்கள் பகுதியே ஓரளவு சான்று தருகிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக உண்டு. அரைகுறையாகப் பதனிட்ட தோலை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டு, அதனாற் செய்த செருப்பின் இலாபத்தை அயலாருக்கே விட்டுக்கொண்டிருந்தோம். சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி 1973 முதல் பச்சைத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. அரைகுறைத் தோலுக்கும் வரம்பு கட்டப்பட்டது. அதன்பின் முழுத் தோலும், காலணியும், காலணியின் மேற்பாகமும் இங்கேயே செய்யும் ஆலைகள் பெருகின. அந்த ஆலைகளில் பல்லாயிரம் பெண்கள் மாதச் சம்பளம் பெற்றனர். குடியாத்தத்தைச் சுற்றிய சிற்றூர்களிலிருந்தும் பெண்கள் ஆலைப் பேருந்தில் ஏறிச் செல்வதை நான் நாள்தோறும் கண்டிருக்கிறேன். மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு என்ற உறுதி உள்ள வீட்டில், ஆள்கட்டியின் சொல் அவ்வளவு எளிதில் ஏறாது.

இதற்கும் ஒரு விலை இருந்தது என்பதை மறைக்கலாகாது. ஆலைக் கழிவுகள் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. வேலை கொடுத்த கையே விளைநிலத்தைப் பறிக்குமானால், உழவன் மகன் மறுபடியும் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆகவே, வேலை வேண்டும். மண்ணையும் நீரையும் கெடுக்காத வேலை வேண்டும். கடனில் தள்ளாத கூலி வேண்டும்.

மாணவ நண்பர்களே! நீங்களும் ஒருநாள் வெளிநாடு செல்லலாம். செல்வதில் இழுக்கில்லை, மனிதன் ஊர்விட்டு ஊர் போனதால்தான் உலகம் வளர்ந்தது. போக விரும்பிப் போவது வேறு, இருக்க முடியாமல் போவது வேறு. புறப்படுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்துக்கு எவ்வளவு கடன் படுகிறேன்? அங்கே வேலை பொய்த்தால் அந்தக் கடனை யார் கட்டுவது? இவ்விரண்டுக்கும் விடை சொல்லாமல் விசாவை மட்டும் காட்டும் எவரையும் நம்பாதீர்கள்.

பீஜியிலிருந்து வந்த அம்மையார் ஊர் திரும்பியபின் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். "தங்கள் முன்னோர் தனிப்பட எந்தக் காரணத்தால் போனார் என்பதை என்னால் சொல்ல இயலாது. அவர் காலத்தில் இந்தத் தாலுக்காவிலிருந்து போனவர்களுள் பலர் மழையற்ற நிலத்தாலும், தலைமுறையாகத் தொடர்ந்த கடனாலும், கூலியிற் கண்ட ஏற்றத்தாழ்வாலும், ஆள்கட்டியின் பொய்யாலும் போனவர்கள். அந்தச் சீட்டில் அதற்கொரு பத்தி இல்லாமற் போனதற்குக் காரணம், அதை எழுதியவர்களுக்கு அது தேவைப்படவில்லை என்பதே" என்று குறித்தேன்.

அந்தப் பத்தியை நிரப்பும் கடமை வரலாறு கற்கும் நம்முடையது. உங்கள் ஊரிலிருந்து போனவர்களைப் பற்றி வீட்டுப் பெரியோரிடம் இன்றே கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்.